இங்கிலீஷில் ஷபீனா

வகுப்புத் தோழி ஹெப்சி நீட்டிய போனில் ஷபீனாவின் முகம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. முக்காடும் சிரிப்புமாகக் கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் பளிச்சென்று இருந்தாள். இதழியல் துறைக்குப் புதிதாக வந்தவர்கள் தங்களைப் பற்றியும் லட்சியத்தைப் பற்றியும் எழுதித் தர வேண்டும் என்று போன வாரம் கேட்டு வாங்கியிருந்தார்கள். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்ததைப் படிக்கப் படிக்க ஷபீனாவுக்குக் காது சுட்டது. பெண்களைப் படிக்கவே அனுப்பாத குடும்பமாம் அவளுடையது. வீட்டுச் சிறையை உடைத்துக்கொண்டு வந்தாளாம். அடைபட்டுக் கிடக்கும் தன் சமூகத்துப் பெண்களின் குரலாக ஒலிப்பதுதான் லட்சியமாம். முதலில் தடுத்த தகப்பனும் இப்போது மாறிவிட்டாராம்.

அவள் எழுதிக் கொடுத்தது இதுவா? வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் ஏன் அவ்வளவு தண்ணீர் வந்தது, வாய்க்கால் இருந்த இடத்தில் வீட்டு மனை எப்படி வந்தது என்று தோண்டித் துருவி எழுதுகிற நிருபராவேன் என்று தமிழில் எழுதியிருந்தாள். அத்தா அயூப் தன் ரிப்பேர் கடையில் வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்தபடியே அவளைச் செய்தித்தாள் வாசிக்கச் சொல்வதை எழுதியிருந்தாள். விண்ணப்பம் வாங்க அவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிவந்தார். பெரியப்பா ஒருவர், இதழியல் எதற்கு, பேங்க் பரீட்சை எழுதலாமே என்று வாய்தவறிச் சொன்னதற்கே ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்த மனுஷன். அவரா தடுத்தார்?

பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜேசன் சாரிடம் நேரே போய் நின்றாள். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளறியது. வாய்க்கால், மனை என்றெல்லாம் அட்மிஷன் நேரத்தில் போட முடியாது, மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் மெருகேற்றினோம், அவ்வளவுதான் என்றார்.

“இட்ஸ் அன் இன்ஸ்பைரிங் ஸ்டோரிம்மா. உன்னைப் பத்தி நல்லதாத்தானே போட்டிருக்கோம்?”

“இதுல நான் எங்க சார் இருக்கேன்?”

நிர்வாகத்தைக் கேட்டு மாற்றலாம், அடுத்த வாரம் ஞாபகப்படுத்து என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த லட்சணத்தில் அவர்களுக்கு இதழியல் அறம் பாடம் எடுப்பதும் அவர்தான்.

அத்தா கண்ணில் படுவதற்குள் எப்படியாவது எடுக்க வைத்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆனால் மகள் முகம் தெரியுமே. கடையில் காலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. யாரோ அனுப்பிவைக்க, அவர் அதை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாகவே வைத்துவிட்டிருந்தார். கையெல்லாம் கிரீஸும் வாயெல்லாம் பல்லுமாக நின்றார்.

“வாம்மா. இன்னா போட்டுக்கீறாங்கன்னு படிச்சுச் சொல்லு.”

தான் எழுதிக் கொடுத்ததையே சொல்லிவிடலாமா என்று இருந்தது. மனுஷன் பூரித்துப் போவார். வாய்வரை வந்தது. ஜேசன் சார் செய்ததும் இதைத்தானே என்று நினைத்ததும் அதை விட்டுவிட்டாள்.

அவள் தயங்குவதைப் பார்த்து அவரே பேசினார். எதிர்வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் வேதசிரோமணி வந்து கை குலுக்கிவிட்டுப் போனாராம். ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு என்றாராம்.

“நான் மாறிட்டேன்னு சொல்லிகினே போறாரும்மா. நான் எதுலேர்ந்து மாறினேன்?”

ஷபீனா போனை வாங்கினாள். ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னாள். சிறை என்றிருந்ததைச் சிறை என்றே சொன்னாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரி முடிந்ததும் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார்.

“குடுங்கத்தா, நான் எடுத்துடறேன்.”

அவர் கொடுக்கவில்லை. ஸ்டேட்டஸை அழிப்பதற்கு எங்கே அழுத்த வேண்டும் என்று தேடினார். கிரீஸ் விரல் வழுக்கிக்கொண்டு போனது. லுங்கியில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார், மறுபடி வழுக்கியது. சொந்தக்காரர்களின் வாழ்த்துகள் மேலே வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவள் சிரித்த முகத்தின்மேல் அவர் விரல் தடம் கருப்பாகப் படிந்துகொண்டே போனது.