கறுப்பு ஒயர்

விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கறுப்பு ஒயரை மகள் செருகி, அம்மா கிட்டே வந்ததும் விளக்குப் பட்டை பளிச்சென்று எரிந்தது. அடுத்த நொடியே அவள் அதைப் பிடுங்கிவிட்டாள்.

“எரிஞ்சுதேடி. ஏன் புடுங்கினே?” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

“சரியா இருக்கான்னு பாத்தேன். அவ்வளவுதான்.”

கட்டிலில் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். காலை மாத்திரையின் அசதி. பக்கத்து ஸ்டூலில், ஒரு தட்டு நிறைய அவருடைய இரண்டு மாத உழைப்பு கிடந்தது. ஆள் அசைந்தால் சென்சார் கண்டுகொள்ள வேண்டும். அது சொன்னதும் ட்ரான்சிஸ்டர் சுவிட்ச் மாதிரி விளக்கைப் போட வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் ஒரு நாள்கூட விளக்கு எரிந்ததில்லை.

காரணம் மகளுக்கு முதல் நாளே தெரியும். அவள் லிஃப்ட் மெக்கானிக். சென்சாருக்கு ஒரு பாட்டரி, விளக்குக்கு ஒரு பாட்டரி. இரண்டின் மைனஸையும் அப்பா சேர்க்கவில்லை; சென்சார் சொல்வது ட்ரான்சிஸ்டருக்குக் கேட்காது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சறுக்கும் இடம். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைத் தூக்கித் தடுத்துவிட்டார்.

“மெக்கானிக்கம்மா, உன் வேலையை லிஃப்ட்டோட வெச்சுக்கோ. இது என் சமாச்சாரம்.”

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், பகலிலேயே இருட்டாகக் கிடக்கும் நடைவழியில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்த அம்மா, நிலையில் இடித்துக்கொண்டு கால் நகம் பெயர்ந்து நின்றாள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. இரண்டு கையும் ஒழியாமல் வருகிறவளுக்குத் தானாக எரியும் விளக்கு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அரை நாளில் முடிந்துவிடும் என்றார் மாமா. “உங்க அக்கா கால் விரலுக்கு எலக்ட்ரீஷியனா பொறுப்பு?” என்று கேட்டார் அப்பா.

ட்ரான்சிஸ்டர் செத்துப்போச்சு என்று மூன்றை மாற்றினார். சென்சார் குருடு என்று அதையும் மாற்றினார். கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்றார். கேட்டதையெல்லாம் மகள் மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தாள். கடைசித் தடவை கடைக்காரர், “ஏம்மா, இதையெல்லாம் வீட்ல பொரிச்சுச் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டேவிட்டார்.

இன்று காலை வந்த நர்ஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள், பொழுது சாயும்வரை தாங்குவது கஷ்டம் என்று.

“நீயே அந்த ஒயரை வெச்சிடுடி,” என்றாள் அம்மா. “முழிக்கும்போது எரியட்டும். சந்தோஷமாப் போகட்டும்.”

“எப்படி எரிஞ்சுதுன்னு கேப்பாரு. என்ன சொல்லுவே?”

“தானா சரியாயிடுச்சுன்னு சொல்லலாம்.”

“பஸ் ஓட்டினவர்கிட்டயா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகள் ஒயரை விரல்களுக்கிடையே உருட்டினாள். அப்பாவின் பிடிவாதத்துக்கு மரியாதை கொடுக்கிறேன் பேர்வழி என்று, அவருக்குக் கிடைக்கவேண்டிய கடைசி சந்தோஷத்தைத் தானே கெடுக்கிறோமோ? அவர் கண் திறக்காமலே போய்விட்டால் இந்த ஒயர் தன்னை ஆயுசுக்கும் உறுத்தும் என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் அதைத் தட்டின் ஓரத்திலேயே போட்டுவைத்தாள்.

பதினோரு மணிக்கு அப்பா கண் விழித்தார். தண்ணீர் கேட்கவில்லை.

“மீட்டரை எடு.”

அவருக்குக் கை எழவில்லை. அதனால் அவள் கைதான் அவர் கை. சென்சாருக்கு எதிரே நடக்க ஆள் வேண்டுமே. அந்த உத்தியோகம் அம்மாவுக்கு.

“நீ நட,” என்றார். அம்மா கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்தாள்.

“மீட்டரோட சிவப்பு முள்ளு சென்சார் அவுட்புட்ல. கறுப்பு மைனஸ்ல.”

“எங்கன்னு சரியாச் சொல்லுங்கப்பா.”

“சென்சாரோட பாட்டரி மைனஸ்ல.”

“மூணு வோல்ட்.”

இரண்டு மாதமாக அவர் அளந்து அளந்து அலுத்த அதே மூன்று. அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மூச்சு விட்டுவிட்டு வந்தது. மகள் மீட்டரைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

“சிவப்பு அங்கயே இருக்கட்டும்,” என்றார் கடைசியில். “கறுப்பை மட்டும் ட்ரான்சிஸ்டர் கால்ல வை. விளக்கு பாட்டரி மைனஸுக்குப் போகுதே, அந்தக் கால்ல.”

அங்கே அவர் இதுவரை வைத்துப் பார்த்ததே இல்லை. அவள் வைத்தாள்.

“சைபர்ப்பா.”

“இவ நடக்குறாளா?”

“நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றாள் அம்மா.

“இங்க மூணு. அங்க சைபர்.” அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா நடையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். தூங்கிவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பிறகு அவர் நெஞ்சு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறார்.

“டிப்போவுலேர்ந்து எடுத்த வண்டியைத் திரும்ப அதே டிப்போவுலதானே விடணும். இதுக்கு ஒரு டிப்போ, அதுக்கு ஒரு டிப்போ. நடுவுல நான் ரோடே போடல.”

“இப்ப என்னப்பா பண்ணணும்?”

“மைனஸையும் மைனஸையும் சேரு. ஒரு ஒயர் போதும்.”

தட்டின் ஓரத்திலிருந்து அந்தக் கறுப்பு ஒயரை எடுத்தாள். செருகினாள். எரியவில்லை. அம்மா நடக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள். மகளும் ஒயரைப் பிடித்தபடி சிலையாக நின்றாள்.

“நட,” என்றார் அப்பா.

அம்மா ஒரு எட்டு வைத்தாள். விளக்கு எரிந்தது.

அவர் விளக்கைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்த வெளிச்சத்தையும், அதில் வைத்த அம்மாவின் காலையும் பார்த்தார்.

“வழி தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுங்க.”

பிறகு மகள் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“முதல் நாள்லேர்ந்து.”

“எப்படித்தான் வாயை மூடிட்டு இருந்தியோ,” என்றார். அவர் இதுவரை அவளைப் பாராட்டியதிலேயே அதுதான் பெரிய பாராட்டு. அவளுக்குப் பரம சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா ஜன்னலோரம் போய் அசையாமல் நின்று, விளக்கு அணைந்ததும் நடந்து வந்து காட்டுவாள், அவர் பார்ப்பார். இரண்டு மணி வாக்கில் அப்படி நடந்து வந்தபோது, அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவரை எடுத்துப்போக வண்டி வந்தது. வந்தவர்களிடமெல்லாம் அம்மா, “அவரே கண்டுபிடிச்சாரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைத் தூக்கிப்போய் வண்டியில் வைத்தார்கள். எல்லாரும் வெளியேறிய பிறகும் அம்மா அந்த அறையின் வாசலிலேயே நின்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஒயரைப் புடுங்கிடட்டுமா அக்கா?” என்றார் மாமா.

“யாரும் அதுல கை வைக்க வேண்டாம்.”

“ஆளில்லன்னா அதுவே அணைஞ்சிடும்மா,” என்றாள் மகள். “அரை நிமிஷம் ஆகும். வண்டி காத்திருக்கு.”

“இருக்கட்டும். சொன்னபடி அணையுதான்னு பாத்துட்டு வரேன்.”

மூவரும் அசையாமல் நின்றார்கள். மாமாவுக்கு இருமல் வந்து கை வாய்க்குப் போனது. “தம்பி, சும்மா நில்லு,” என்றாள் அம்மா. திரும்ப முதலிலிருந்து நின்றார்கள். வாசலில் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தார்.

விளக்கு அணைந்தது.

“ம்,” என்றாள் அம்மா. பிறகு இருட்டு நடைவழியில் சுவரைத் தடவிக்கொண்டு, செருப்பைத் தேடப் போனாள்.