நான்கு மொட்டை மாடி தாண்டி வந்த வயர்

டெல்லி முனிர்காவில் வாடகைக்கு அறை தேடிப் போனால் வீட்டுக்காரர் மூன்று கேள்வி கேட்பார். கறி சமைப்பாயா, எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய், கல்யாணம் ஆகிவிட்டதா. இன்டர்நெட்டைப் பற்றிக் கேட்கவே மாட்டார், அதை அவரே முடிவு செய்து வைத்திருப்பார். எங்கள் சந்தில் பிட்டுவின் லைன் மட்டும்தான். பிட்டு எங்கள் வீட்டுக்காரர் சௌத்ரியின் அக்கா மகன். வேறு கம்பெனி ஆள் ஏணியோடு வந்தால் சௌத்ரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

என் பெயர் அம்பிகா. அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கான்கிரீட் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கே. வீட்டில் தமிழ், வெளியே வந்தால் இந்தி. இந்த இரண்டு வாயும்தான் இப்போது எனக்குச் சோறு போடுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு டாக்டர் இந்தியில் சொல்வதை நான் வீடியோவில் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை இந்தியில் சொல்ல வேண்டும். என் அறையில், என் லேப்டாப்பில், துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார், தூத்துக்குடிப் பக்கம். டாக்டர், "இதுவரை சாப்பிட்ட வெள்ளை மாத்திரையை..." என்று ஆரம்பித்தார். நான் அதுவரைக்கும் தமிழில் சொன்னேன். திரை உறைந்துவிட்டது. ஆறு நிமிஷம் கழித்து லைன் வந்தபோது பெரியவர் டாக்டர் அறையில் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் மேதா மேடம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட, நர்ஸ் ஓடிப்போய் மருந்து வாங்கும் வரிசையில் அவரைப் பிடித்தார். டாக்டர் சொன்னது, "நிறுத்திவிடுங்கள்." பெரியவர் புரிந்துகொண்டது, தொடர வேண்டும் என்று. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேதா மேடம் திட்டவில்லை. "திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு மணி நேரம் டெஸ்ட் வைக்கிறேன். ஒரு தடவை லைன் அறுந்தாலும் உன்னை நோயாளிகள் முன்னால் உட்கார வைக்க முடியாது" என்றார். நியாயம்தான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிட்டுவைக் கூப்பிட்டேன். கம்பெனி முதலாளி என்று பெயர், தோளில் வயர்ச் சுருள். என் அறைக்கு வந்து தன் போனில் ஸ்பீடு மீட்டரைப் போட்டுக் காட்டினான். முள் ஓடிப்போய் நூறில் நின்றது. "நூறு வருது தீதி. இதுக்கு மேல என்ன ராக்கெட்டா விடப் போறீங்க?" என்றான். அவன் இதைக் காட்டியது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நான் நம்பினேன், லேப்டாப்பில்தான் கோளாறு என்று அதைத் தூக்கிக்கொண்டு நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகள் வரை அலைந்தேன். நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மெயின் ரோட்டில் இன்னொரு கம்பெனியின் லைன்மேன் கம்பத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மீட்டர் கதையைச் சொன்னதும் சிரித்தார். அந்த நூறு, என் அறையிலிருந்து பக்கத்து மாடியில் பிட்டு மாட்டியிருக்கும் பெட்டி வரைக்கும் உள்ள வேகமாம். அதைத் தாண்டிப் போனால்தான் உண்மை தெரியுமாம். "சந்து வாசல் வரைக்கும் பைக்கை ஓட்டிட்டு, ஆக்ராவுக்கு இவ்வளவு நேரந்தான் ஆகும்னு சொல்ற மாதிரி" என்றார். உங்கள் லைனை எனக்குக் கொடுங்கள் என்றேன். கம்பத்திலிருந்து என் ஜன்னலுக்கு வர நான்கு மொட்டை மாடி தாண்ட வேண்டும், நான்கு வீட்டிலும் சம்மதம் நான்தான் வாங்க வேண்டும், கம்பெனி கேட்காது என்றார். சனிக்கிழமை ஆகிவிட்டது.

கீழ்த்தளத்தில் பொன்னம்மாக்கா இருக்கிறார். சேலத்துக்காரர். அந்த நான்கு வீட்டிலும் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, மாடியில் காயப்போடுவது அவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"வீட்டுக்கார ஆம்பளைங்களையா கேக்கப் போற?" என்றார்.

"வேற யாரக்கா?"

"அவனுங்க மாடிக்கு ஏறி எத்தினி வருசமாச்சு. சாவி பொம்பளைங்க இடுப்புல இருக்குது. நீ சும்மா இரு கண்ணு, நான் கேட்டுக்கிறேன்."

ஒரே மத்தியானத்தில் நான்கு வீட்டையும் முடித்துவிட்டார். முதல் வீட்டு அம்மாளின் மகன் கனடாவில் இருக்கிறான். வீடியோவில் அவன் முகம் ஒரு மாதமாக வாயைப் பிளந்தபடியே நிற்கிறதாம். பிட்டுவின் லைன்தான். இரண்டாவது வீட்டில் பேத்திக்கு ஆன்லைன் டியூஷன், அதே கதை. மூன்றாவது அம்மாளின் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு முன்னால் பிட்டு தன் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தான், அந்தக் கோபம். நான்காவது, எங்களுக்கு எதிர்வீட்டு சுஷீலா ஆன்ட்டி. சௌத்ரியின் அண்ணி. சொத்துத் தகராறில் பதினொரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கொழுந்தனுக்குப் பிடிக்காது என்று தெரிந்ததும், வயர் வருவதற்கு முன்பே மாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வயர் வந்தது. எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கும் என் ஜன்னலுக்கும் இடையில் ஒரு கை நீளம்தான். சௌத்ரியின் மாடியைத் தொடாமல், சுவரில் ஓட்டை போடாமல், ஜன்னல் கம்பி வழியாக நேராக என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. மோடத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. நான் விசில் அடித்தேன். பொன்னம்மாக்கா கீழேயிருந்து, "பொம்பளப் புள்ள மாதிரியா இருக்குது?" என்று கத்தினார், சிரித்துக்கொண்டே.

திங்கட்கிழமை பத்து மணி. மேதா மேடம் டாக்டர் வேஷம். சென்னை ஆபீஸிலிருந்து பத்ரி என்பவர் நோயாளி வேஷம். ஆரம்பிப்பதற்கு முன் மேடம் விதிகளை வாசித்தார். ஒரு சொல்லும் விடக் கூடாது, ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. "அவர் வலிக்கிறது என்கிறார்" என்று சொல்லக் கூடாது, "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்ல வேண்டும். அறையில் வேறு யாராவது பேசினால் அதையும் சொல்ல வேண்டும், நோயாளிக்குத் தெரியாமல் அங்கே ஒரு பேச்சும் நடக்கக் கூடாது.

நாற்பது நிமிஷம் லைன் ஒரு கண் சிமிட்டக்கூட இல்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்ன சாப்பிடலாம், எல்லாம் ஆயிற்று. அப்போது படியில் செருப்புச் சத்தம். வெக்கைக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். சௌத்ரி உள்ளே வந்துவிட்டார், பின்னால் பிட்டு.

"யாரைக் கேட்டு இந்த வயரை இழுத்தாய்?" என்று இந்தியில் இரைந்தார்.

மேதா மேடத்துக்குக் கேட்டுவிட்டது. "யார் அது? டெஸ்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் இன்னொரு நாள் இந்த வயர் இருக்குமா?

"வேண்டாம் மேடம். அறையில் ஒருவர் பேசுகிறார். விதிப்படி அதையும் சொல்கிறேன்" என்றேன். பத்ரியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "யாரைக் கேட்டு இந்த வயரை இழுத்தாய்?"

பத்ரி ஒரு விநாடி முழித்தார். பிறகு நோயாளியாகவே, "ஐயா, நான் வியாதிக்காரன். இந்த வயரு இல்லன்னா டாக்டர் சொல்றது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் சௌத்ரியின் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னேன்: "ஐயா, நான் வியாதிக்காரன்..."

"நீ எப்போது வியாதிக்காரன் ஆனாய்?" என்று அவர் குழம்பினார். அதையும் தமிழில் சொன்னேன். பத்ரி இருமுவது போல முகத்தை மூடிக்கொண்டார்.

சௌத்ரிக்குக் கோபம் தலைக்கேறியது. அக்ரிமென்டைப் பார் என்றார். அதைத் தமிழில் சொன்னேன். அதில் வயரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பத்ரி கேட்டார். அதை இந்தியில் சொன்னேன். ஆணி அடிக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை, அது அவருக்கும் தெரியும். பிட்டு மாமாவின் காதில் ஏதோ முணுமுணுத்தான். "கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்" என்றேன்.

சௌத்ரியின் குரல் தாழ்ந்தது. அவர் கத்தும்போது நான் பயப்படவில்லை, குரல் தாழ்ந்ததும்தான் பயந்தேன்.

"பிட்டு லைனைப் போடு. இல்லையென்றால் மாதக் கடைசியில் அறையைக் காலி பண்ணு. இந்த வயரை இப்போதே கழற்று."

ஐந்து வருடம் இருந்த அறை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் இன்னொரு அறை கிடைப்பது லேசில்லை, மறுபடி அந்த மூன்று கேள்வி, மறுபடி இன்னொரு பிட்டு. ஆனாலும் தமிழில் சொன்னேன். "அறையைக் காலி பண்ணு" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. நோயாளிக்குத் தெளிவாகக் கேட்டிருக்காது என்று இன்னொரு தடவை சொன்னேன். திரையில் மேதா மேடமும் பத்ரியும் அசைவது தெரிந்தது, லைன் அறுந்துவிடவில்லை.

சௌத்ரி மோடத்தின் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். நான் என் கையைச் சுவிட்சின் மேல் வைத்து மூடினேன்.

"நஹீன்" என்றேன் அவரிடம்.

ஒரு சொல்லும் விடக் கூடாது என்பது விதி. திரையைப் பார்த்துத் தமிழிலும் சொன்னேன்.

"மாட்டேன்."