வலையில் கட்டிய நூல்

பதினேழு நாளாக சைபுதீன் கடலுக்குப் போகவில்லை. விடியலில் வலையைத் தூக்கிக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் கடற்கரையின் ஈரமணல் வரை போவான். வலை அறுந்து கிடக்கிறதென்று திரும்பி வருவான். மனைவி ஹபீபா பீவி அன்றே உட்கார்ந்து முடிந்து வைப்பாள். மறுநாள் வேறோர் இடம் அறுந்திருக்கும்.

எலி கடித்தால் பிசிறு தெரியும். இது கத்தி பட்டதுபோல் நேராக இருந்தது. அப்படி யாருக்கு இவர்கள்மேல் பகை? எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. பள்ளிவாசல் லெப்பையிடம் காவலுக்கு நூல் ஓதி வாங்கி வலையில் கட்டினாள்.

"ஏட்டி, வலைக்கு ஓதிக் கட்டுன மொத பொம்பள நீதான்!" என்று பக்கத்து வீட்டு மைமூன் சிரித்தாள்.

மறுநாள் சைபுதீனின் உள்ளங்கையில் ஆழமாக ஒரு வெட்டு. சிப்பி கிழித்தது என்றான். ஹபீபா அவனை மிஷன் ஆசுபத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"காயம் ஆறிரும். நாடி ஏன் இந்த ஓட்டம் ஓடுது? உறக்கம் உண்டா?"

"எவனோ வலைய அறுக்கான், டாக்டரே. அந்தக் கவலைதான்," என்றாள் ஹபீபா.

"நீங்க சும்மா இரிங்க, அவரு சொல்லட்டு. உடம்புபோல மனசுக்கும் தீனம் வரும். அதையும் இங்க பாக்கலாம். வெக்கப்பட ஒண்ணுமில்ல."

சைபுதீன் ஹபீபாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அலையக் கண்டா நெஞ்சு அடைக்கு, பிள்ளே. இப்பம் செத்துருவேன்னு தோணுது. வலைய நாந்தான் அறுத்தேன்."