சவுனாவில் காய்ந்த மிளகாய்

சைமிக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் ஜன்னலுக்குப் போய் வெளியே தொங்கிய வெப்பமானியைப் பார்த்தாள். செப்டம்பர் கடைசி. ஏரிப் பக்கத்துக் காற்று நின்றுவிட்டது, வானம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. அப்படி ஒரு மாலை வந்தால் ராத்திரி உறைபனி விழும் என்று அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பழைய ஜன்னல் கண்ணாடிகளை ஒட்டுப்போட்டுக் கட்டிய கொட்டகையில் மிளகாய் சிவக்கச் சிவக்கக் காய்த்துத் தொங்கியது. ஒரு பனி போதும், அத்தனையும் வதங்கிய கீரைதான்.

இத்தனை மிளகாய் யாருக்கு என்று ஊர் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? உருளைக்கிழங்கு, மீன், உப்பு என்று காலம் தள்ளுகிற பின்லாந்துக் கிராமத்தில், கிழவன் கிழவியாக இரண்டே பேர் இருக்கிற வீட்டில், கூடை கூடையாக மிளகாய். சைமி சிரித்து மழுப்பிவிடுவாள். உண்மையைச் சொல்லக் கூடாது என்று ரெய்னோ அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

ரெய்னோ அவள் புருஷன். போன நவம்பரில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவன் மோப்பத்தையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மீனும் அட்டை, ரொட்டியும் அட்டை. பூண்டும் வெங்காயமும் வினிகரும் சாக்கடையாக நாறின. காப்பி கருகிய டயராக நாறியது. காப்பி குடிக்காத பின்லாந்துக்காரனை எங்கே போய்ப் பார்ப்பது? டாக்டர், திரும்பினாலும் திரும்பும் என்று சொல்லிக் கையை விரித்தார். ரெய்னோ கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டான், நாலு வாய் மென்று விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளினான். அகன்ற தோள்கள் ஒடுங்கிவிட்டன, இடுப்பு வாரில் அவனே ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பசிக்குது" என்று கத்திக்கொண்டு வருகிறவன். அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. பாழாய்ப்போன அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சைமி இந்தப் பாடெல்லாம் பட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மகள் அழகுக்காக ஒரு தொட்டிச் செடி வாங்கி வந்தாள். குட்டிக் குட்டியாய்ச் சிவப்பு மிளகாய். ரெய்னோ பேச்சுவாக்கில் ஒன்றைப் பறித்துக் கடித்துவிட்டான். கடித்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். காது சிவந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என்னமோ வந்துச்சு," என்றான். அன்றைக்குத் தட்டு காலியாயிற்று.

மறுநாளே சைமி அந்தச் செடியின் விதையெல்லாம் போட்டாள். நாலு முளைக்காதா என்று போட்டது, போட்டதெல்லாம் முளைத்தது. பிடுங்கிப் போட மனசு வரவில்லை. ஒவ்வொன்றும் அவன் ஒரு வேளை சாப்பாடாயிற்றே! கோடை முழுக்க ராத்திரியும் வெளிச்சம், செடிகள் வெறிபிடித்தாற்போல் காய்த்தன. அவனும் தின்றான், கொஞ்சம் சதை பிடித்தான். இனிமேல் குளிர்காலம். ஊர்க்கடையில் கிடைக்கிற காரச் சட்டினி எதை எடுத்தாலும் வினிகர், எந்தப் பொடியை எடுத்தாலும் பூண்டு. குளிர்பெட்டியில் எல்க் மான் இறைச்சியும் காட்டில் பறித்த லிங்கோன் பழமும் மூடி வரைக்கும். நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டது ஈரக்காற்றில் உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. அதைப் பிளந்து பார்த்த அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது சவுனாதான், கல்லைச் சுடவைத்து அதில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற கொட்டகை. குளித்து முடித்த பிறகு கல் அடுப்பில் தங்குகிற சூட்டில் அந்த ஊரில் காளானும் மூலிகையும் காயவைப்பது வழக்கம். மிளகாய்க்கு மட்டும் என்ன குறை? வியாழன் சாயங்காலம் பனிக்கு முன்னால் அரக்கப் பரக்க எல்லாவற்றையும் பறித்தாள். பொடிமீன் வலையை மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்பினாள். சவுனாவில் சிறு தீ போட்டு, அணைந்ததும் சட்டங்களை உட்காருகிற பலகைகளின்மேல் வைத்தாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. நடு நடுவே ஓடிப் போய்த் திருப்பிவிட்டாள். சனிக்கிழமை காலையில் மிளகாய் பாதி சுருங்கித் தோல் மாதிரி வளைந்தது. உடையவேண்டும், உடையவில்லை. இன்னும் ஒரு நாள் சூடு இருந்தால் போதும்.

அந்த ஒரு நாள்தான் இல்லை. சனிக்கிழமை சவுனா என்பது கோயில் மணி மாதிரி, தள்ளிப்போட முடியாது. அதிலும் வேட்டைக் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் குளிக்கும், இந்த வாரம் இவர்கள் முறை. ரெய்னோவின் அண்ணன் உர்ஹோவும் பக்கத்துப் பண்ணைக் காவ்கோவும் வருகிறார்கள். வராதே என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் என்ன சொல்வது? வேட்டைக் கூட்டத்துக்கு முப்பது வருஷமாக மான்கறிச் சூப்பு காய்ச்சுகிறவன் ரெய்னோ. கரண்டியை உதட்டில் வைத்து உப்பு பார்த்து, அவன் தலையை ஆட்டினால்தான் மற்றவன் கிண்ணத்தை நீட்டுவான். அவனுக்கு நாக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால் கரண்டி வேறு கைக்குப் போய்விடும். அடுத்த மாதம் வேட்டை தொடங்குகிறது. அதனால்தான் அந்தச் சத்தியம்.

சைமி சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் உடை மாற்றும் அறைத் தரையில் அடுக்கினாள். கடைசிச் சட்டத்தை எடுக்கும்போதுதான் அந்தப் புத்தி வந்தது. கல் அடுப்புக்கு நேர் மேலே, கூரையோரம், குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்கிற பிர்ச் இலைக் கொத்து தொங்கவிடுகிற கம்பி இருக்கிறதல்லவா? இன்றைக்குப் போடப் போவது முழுத் தீ. இவ்வளவு சூட்டையும் சும்மா விடுவானேன்? அந்த இருட்டு மூலையை யார் நிமிர்ந்து பார்க்கப் போகிறார்கள்? கம்பியில் சட்டத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். பச்சையாய் இருந்தபோது வலைக்கண்ணில் தங்கிய மிளகாய், காய்ந்து சுருங்கினால் தங்குமா என்று அவள் யோசிக்கவில்லை. ஒரு வாரமாக உட்காராத பொம்பளைக்கு யோசனை எங்கே வரும்?

உர்ஹோ வரும்போதே வம்போடு வந்தான். ஆள் மலை மாதிரி, வாயும் அப்படித்தான். தம்பியின் தோளைத் தட்டிப் பார்த்து, "என்னடா, கொக்கு மாதிரி ஆயிட்ட? பெரிய மனுசன் இப்ப காப்பிகூடக் குடிக்கறதில்லயாமே?" என்றான். வயிறு சரியில்லை என்று ரெய்னோ முனகினான். காவ்கோ எப்போதும் போல ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினான். மூன்று பேரும் துண்டும் பீருமாக ஏரிக்கரைச் சவுனாவுக்கு இறங்கிப் போனார்கள்.

சைமி அடுப்பில் சூப்பு வைத்தாள். ரெய்னோவுக்குத் தனிச் சின்னச் சட்டி, அதில் மிளகாய். கறுப்பு ரொட்டி நறுக்கினாள், கத்தியைக் கீழே வைத்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். மனசு கேட்கவில்லை. விறகு கொண்டு போகிற சாக்கில் பாதி வழி இறங்கினாள். உள்ளே தண்ணீர் கல்லில் விழுந்து சீறுகிற சத்தம் கேட்டது. உர்ஹோவின் குரல் இன்னொரு கரண்டி கேட்டது. அவன் எப்போதும் அளவு தெரியாமல் ஊற்றுகிறவன். மறுபடி சீறல். அப்புறம் யாரோ ஒரே ஒரு தடவை இருமினார்கள்.

அந்த இருமலிலேயே அவளுக்குக் கம்பியில் தொங்கிய சட்டம் ஞாபகம் வந்தது.

கதவு படாரென்று திறந்தது. உர்ஹோ பிறந்தமேனிக்கு வெளியே வந்தான், மூக்கும் கண்ணும் ஒழுக, படகுத்துறைப் பலகையைக் கண்டானோ இல்லையோ, நேரே ஏரியில் விழுந்தான். பின்னாலேயே காவ்கோ. கூடவே வந்த நெடி சைமியின் தொண்டையைப் பிடித்தது. ஆவி கிளம்பின வேகத்தில் வலை ஆடி, காய்ந்த மிளகாய் எல்லாம் பழுத்த கல்லில் உதிர்ந்திருக்கிறது, அதன்மேல் இன்னொரு கரண்டித் தண்ணீர். கேட்கவா வேண்டும்?

போனவர்கள் மூன்று பேர், வந்தவர்கள் இரண்டு பேர்.

சைமி விறகைப் போட்டுவிட்டு ஓடினாள். உடை மாற்றும் அறையில் சட்டங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஈரக்கால்கள் மிதித்து நசுக்கிய மிளகாய் தரையெல்லாம். அவள் குளிர்காலம் முழுக்க அங்கே கூழாய்க் கிடந்தது. அதைத் தாண்டினாள். மேலங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்கதவை இழுத்தாள். ரெய்னோ அடிப்பலகையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தோள்கள் குலுங்கின. மூச்சு முட்டிப் போகிறான் என்று நினைத்து அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். படியில் உட்காரவைத்து முகத்தை நிமிர்த்தினாள்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இருமிக்கொண்டே சிரித்தான்.

"உர்ஹோ ஓடினதப் பாத்தியா?" என்றான்.

அவளுக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பாள். அதற்குள் உர்ஹோ ஏரியிலிருந்து ஏறி வந்துவிட்டான். துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் கோவைப்பழமாய், ஆளைக் கொல்லப் பார்த்தாயா என்று கத்தினான். இந்த வீட்டுக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது, ஒருத்தன் காப்பி குடிக்கமாட்டான், ஒருத்தி விஷம் காயவைக்கிறாள் என்றான். மிச்சமிருந்த ஒரே நல்ல சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்து நடந்தான்.

"அத வெய்யி," என்றாள் சைமி. "வெய்யி உர்ஹோ. அது உன் தம்பியோட சாப்பாடு."

ரெய்னோ அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். சத்தியமாவது ஒன்றாவது. கொட்டித் தீர்த்தாள். நவம்பரிலிருந்து இவனுக்கு வாசனை இல்லை, ருசி இல்லை, காப்பி டயராக நாறுகிறது, இந்தச் சனியன் ஒன்றுதான் நாக்கில் உறைக்கிறது, இதுவும் இல்லாவிட்டால் பனிக்காலம் முடிவதற்குள் எலும்புதான் மிஞ்சும் என்று நின்ற இடத்தில் மூச்சுவிடாமல் சொன்னாள்.

உர்ஹோ சட்டத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்ப டிசம்பர் வேட்டைக்குச் சூப்பு காய்ச்சினியே?" என்றான் தம்பியிடம்.

ரெய்னோ தலையைக் குனிந்துகொண்டு, குத்துமதிப்பாக உப்பு போட்டேன் என்றான்.

வாயே திறக்காத காவ்கோ அப்போது திறந்தான். "கடல் தண்ணி மாதிரி இருந்துச்சு. ரெண்டு கிண்ணம் குடிச்சேன். ராத்திரி பூரா தண்ணி குடிச்சே செத்தேன்."

"நான் மூணு கிண்ணம்," என்றான் உர்ஹோ. "எல்லாரும்தான் குடிச்சோம். உனக்கு மனசு சரியில்ல போலன்னு நெனச்சோம்டா. இந்த வருசமும் நீதான் காய்ச்சற. உப்பு மட்டும் நான் பாத்துக்கறேன்."

அண்ணனின் துண்டு நழுவியதைப் பார்த்ததும் ரெய்னோவுக்கு மறுபடி சிரிப்பு பிய்த்துக்கொண்டது. இந்தத் தடவை மூன்று பேருமே சிரித்தார்கள், நெடியில் இருமிக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு.

சைமி சிரிக்கவில்லை. உள்ளே போய் மண்டியிட்டு, நசுங்காத மிளகாயைப் பொறுக்க ஆரம்பித்தாள். தேறியது கொஞ்சம்தான். பனிக்காலத்துக்கு எங்கே போதும்? உர்ஹோ வந்து பக்கத்தில் குந்தினான், அந்தப் பெரிய கைகளால் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தொப்பியில் போட்டான். நாளைக்குத் தன் சவுனாவைச் சூடுபண்ணி அதில் காயவைத்துக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். அவள் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். வாசலில் ரெய்னோ சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே ஒரு நிமிஷம் நின்றான்.

"சைமி, பசிக்குது," என்றான்.

அவள் காதில் விழவில்லை. சட்டத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"காதுல விழலயா? பசிக்குதுங்கறேன்."

கை நின்றது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கடிகாரம் எதையும் அவன் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைப் போய் இரண்டு கையாலும் துடைத்தாள். இவ்வளவு நேரம் மிளகாய் பொறுக்கிய கை.

அப்புறம் அவள் அழுதது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காவ்கோ பால் பால் என்று சமையலறைக்கு ஓடினான். உர்ஹோ கண்ணைத் தேய்க்காதே என்று கத்தினான். ரெய்னோ அவள் முழங்கையைப் பிடித்து எழுப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவளை மெல்ல மேட்டுக்கு நடத்திக்கொண்டு போனான்.

"கல்லு இருக்கு, பாத்துக் கால வெய்யி," என்றான். "சூப்புல உப்பு போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றாள் சைமி. "சீக்கிரம் நட. ஆறிடப் போவுது."