பெனிற்றா தெரிந்தெடுத்த பானை

பெனிற்றா பங்குனியில் இறந்தாள். பானை ஐப்பசியில் வந்தது.

பானை என்பது வீட்டுப் பேச்சு. ஜின் வடிப்பதற்கான சிறிய செப்புக் கலன் அது. தை மாதத்தில் ஜேர்மனியில் ஒரு பட்டறைக்குச் சொல்லிவைத்தோம். கையால் அடித்துச் செய்பவர்கள். வரிசையில் காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருந்தபோது அவள் வேலைக்குப் போகும் ரயிலில் விழுந்தாள். மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. விக்ரோரியா நிலையத்தில் ரயிலை நிறுத்தி இறக்கினார்களாம். எனக்குச் சொல்லும்போது எல்லாம் முடிந்திருந்தது.

மிச்சம் என்ற ஊரில், ட்ராம் பாதைக்குப் பின்னால், தொழில் நடத்த ஒரு யூனிற் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரு பக்கம் டயர் மாற்றுகிறவர்கள். மறுபக்கம் கேக் செய்கிறவர்கள். லொறிக்காரன் பெட்டியை எங்கே இறக்குவது என்று கேட்டான். கொட்வின் கையைக் காட்டினான்.

கொட்வின் என் மனைவி பெனிற்றாவின் தம்பி. பொயிலர், குழாய், வெப்பமூட்டி, இவைதான் தொழில். அவர்கள் குடும்பம் மன்னாரிலிருந்து ஜேர்மனிக்குப் போய், பிறகு இங்கே வந்தது. தொழிலை அவன் அங்கே பழகியிருந்தான். பெட்டியின் பலகைகளை அவன் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்.

"இதை வித்துப்போடுவம், கொட்வின்."

"எதை?"

"பானையை. குறொய்டனிலை பியர் செய்யிற ஒராள் கேக்கிறார்."

அவன் ஆணி பிடுங்குவதை நிறுத்தவில்லை. "அத்தான், ஒண்டு கேக்கட்டோ? ஒருக்கா ஓட விடுவம். ஒரேயொருக்கா. அக்கா சொன்ன மாதிரி, அக்கா சொன்ன சாமானுகளைப் போட்டு. பிறகும் நீங்கள் வேண்டாம் எண்டால் நானே கழட்டி லொறியிலை ஏத்திவிடுறன்."

"சரி" என்றேன். அந்த நாட்களில் எனக்குச் சுலபமாக வந்த சொல் அதுதான்.

பெனிற்றா இரசாயனம் படித்தவள். பிஸ்கற்றுக்கும் யோகட்டுக்கும் சுவையூட்டி செய்யும் கம்பனியில் வேலை. மூக்கு அவளுடையது. நான் இயந்திரவியல் படித்தேன். ரயில் பராமரிப்பில் இருக்கிறேன். வரைபடம் என்னுடையது. சமையலறை மேசையில் மாரி முழுக்க இதைத்தான் கதைத்தோம். சீனாவிலிருந்து வரும் துருப்பிடிக்காத உருக்குக் கலன் மலிவு. அவள் வேண்டாம் என்றாள். வடிக்கும்போது வரும் கந்தக நாற்றத்தைச் செப்புத்தான் பிடித்துக்கொள்ளும். போர்த்துக்கல் பானை அழகாக இருந்தது. ஆனால் அடியில் நேரே நெருப்பு வைக்க வேண்டும். அடிப்பிடிக்கும் என்றாள். கடைசியில் இரட்டைச் சுவர் உள்ளதைத் தெரிந்தாள். இரண்டு சுவருக்கும் நடுவே நீராவி ஓடும். நெருப்பு பானையைத் தொடாது. வெளியே சூடு போகாமல் கம்பளி சுற்றி, அதன்மேல் தகடு. கழுத்தில் ஒரு சின்னக் கூடை. கறிவேப்பிலையும் தேசிக்காய்த் தோலும் அந்தக் கூடையில்தான் போக வேண்டும், ஆவி மட்டும் அவற்றைத் தொட வேண்டும் என்றாள்.

"பானைக்குள்ளை போட்டால் ரசம் மணக்கும். ஆர் காசு குடுத்து ரசம் குடிக்கிறது?"

அவள் இடக்கைக்காரி. வால்வு, வெப்பமானி, வடிந்து வரும் வாய் எல்லாவற்றையும் இடப்பக்கம் வைக்கச் சொல்லியிருந்தாள். பட்டறைக்காரர் அப்படியே செய்து அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் ஒரு வால்வைத் திறக்கப் போய் என் வலக்கை வெறும் செப்பில் முட்டியது. அடுத்த நாளும் முட்டியது.

"மாத்தி வைக்கலாம், அத்தான். குழாயைச் சுத்திக் கொண்டுவந்தால் சரி."

"ஓட்டம் ஒண்டுதானே. விடு."

அவன் உதட்டைக் கடித்தான்.

வேலை மெல்ல நடந்தது. அந்த யூனிற்றின் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருந்தது. பானை சரிந்து நிற்கக் கூடாது. காலுக்கடியில் தகடு வைத்து, மட்டம் பார்த்து, திரும்ப வைத்தோம். நீராவிக்குச் சின்னப் பொயிலர் ஒன்று, அதற்கு வேறு மின்கம்பி. ஆவியைக் குளிர்த்துத் திரவமாக்கும் கொண்டென்சருக்குத் தண்ணீர் சுற்றிவரத் தொட்டி. குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. கொட்வின் நல்ல வேலைக்காரன். வேலை செய்யும்போது அக்காவைப் பற்றிக் கதைப்பான். அக்கா இதைப் பார்த்தால் இப்படிச் சொல்லுவா, அதைப் பார்த்தால் அப்படிச் சிரிப்பா. நான் ஸ்பனரை எடுத்துக் கொடுப்பேன்.

நீராவிக் குழாயை மூட்டுவதற்காக வெளித்தகட்டைக் கழற்றிப் பூட்டியிருந்தோம். பானையின் தோளில் சாமான் போடும் வட்ட வாசலைச் சுற்றி, செப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

"நான் நாளைக்கும் சனியும் குட்மேய்ஸிலை ஒரு வீட்டு வேலை" என்றான் கொட்வின். "இதைச் சுத்திச் சிலிக்கோன் பசை அடிச்சுவிடுங்கோ. ஏதும் உள்ளை இறங்கினால் கம்பளி குடிச்சிடும். பிறகு சூடாக்கிற நேரமெல்லாம் நாறும்."

"சரி."

நான் அடிக்கவில்லை. சிலிக்கோன் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன். காரணம் என்று ஒன்று இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை யாரோ ரோலர் கதவைத் தட்டினார்கள். மாமி. பெனிற்றாவின் அம்மா, பெர்னடெற். கறுப்பு உடுப்பு, கையில் செபமாலை. பின்னால் செல்வமலர் அன்ரி ஒரு தள்ளுவண்டியோடு நின்றார். அவருக்கு மிச்சத்தில் மூலைக்கடை. மாமியும் அவரும் ஒரே கோவில். தள்ளுவண்டி முழுக்கப் பால்.

"என்ன மாமி இது?"

"பால் காய்ச்சோணும், தம்பி. வீட்டுக்குக் காய்ச்சினம், மலரின்ரை கடைக்குக் காய்ச்சினம். காய்ச்சாமல் தொழில் தொடங்கிறதோ?"

"இவ்வளவு பாலோ?"

"பானை பெரிசெல்லே" என்றார் செல்வமலர் அன்ரி. "கொஞ்சமாய் விட்டால் அடியிலை கிடந்து அழும், பொங்காது. யோசியாதையும், நல்ல பால். இண்டையோடைதான் தேதி முடியுது."

"உவ எப்பவும் தேதி முடியிறதைத்தான் தூக்கிக்கொண்டு வருவா" என்றார் மாமி.

"நாளைக்கு முடியிறதை நாளைக்கு வித்துப்போடுவனே, அக்கா!"

மாமி சிரிக்கவில்லை. ஆனால் கதைத்தார். பங்குனிக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து நான் கேட்கவில்லை. பெனிற்றாவின் ஆண்டுப் பூசை முடியுமுன் நல்ல காரியம் செய்யக் கூடாது என்று கோவிலில் சிலர் சொன்னார்களாம். சொல்லட்டும் என்றார்.

"பக்கத்திலை கேக் செய்யிற ஆக்களிட்டை ஒரு சட்டி வாங்கிவாறன், மாமி. அதிலை காய்ச்சுவம்."

"ஆற்றையோ பழஞ்சட்டியிலையோ? புதுப்பானை முன்னாலை நிக்க?"

"கொட்வினுக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேக்கட்டோ?"

"அவன் வேண்டாம் எண்டுவான். அவன் ஜேர்மன்காரன்."

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். விளிம்பு திறந்திருக்கிறது. பால் கம்பளிக்குள் போகும். ஒரே வாக்கியம்தான். மாமி விளங்கிக்கொள்ளக் கூடியவர். நான் போத்தல்களைத் திறந்து பாலை ஊற்றினேன். பொயிலரைப் போட்டேன்.

அவர்கள் இருவரும் பானைக்கு முன்னால் நின்று செபமாலை சொன்னார்கள். அடுத்த பக்கத்தில் டயர்க்காரர்களின் இயந்திரம் இரைந்தது. மாமி இடையிடையே வாசலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எட்டிப் பாக்காதையுங்கோ அக்கா, பாத்துக்கொண்டு நிண்டால் பொங்காது."

"நீ சொல்லு, அருள் நிறைந்த மரியே."

செபமாலை முடியவில்லை. பால் நுரைத்து எழும்பி வாசலை நிரப்பியது. வெளியே வழிந்தது. மாமி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார்.

"எந்தப் பக்கம் பொங்கினது?"

"ட்ராம் பக்கம், அக்கா."

"அது நல்ல பக்கமோ?"

"எங்களுக்கு எல்லாப் பக்கமும் நல்லதுதான். சைவக்காரர்தான் திசை பாக்கிறது."

தரைக்கு ஒரு துளிகூட வரவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விளிம்பைத் தாண்டிய பால் முழுவதும் செப்புக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குள் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் போனபிறகு முதல்முறையாக.

மாமி கடதாசிக் கோப்பையில் பால் எடுத்துச் சீனி போட்டுத் தந்தார். குடித்தேன். அவர்கள் போனபின் பானையின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினேன். உட்பக்கம் மட்டும்.

அடுத்த கிழமை கொட்வின் வந்தான். முதலில் வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. தண்ணீர் நிரப்பி நீராவியைத் திறந்தான். வெப்பமானி ஏறியது. கொண்டென்சர் வாயிலிருந்து முதல் துளி விழுந்தது, பிறகு நூல்போல ஓடியது. அவன் கையைத் தட்டினான்.

"அத்தான், பாருங்கோ! அக்கான்ரை பானை ஓடுது!"

பிறகு மூக்கைச் சுருக்கினான். புளித்துக் கருகின மணம். சூடு ஏற ஏற அது யூனிற்றை நிறைத்தது. கேக் செய்கிற பெண் கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவன் குனிந்து தகட்டை மோந்தான். விளிம்பில் விரலை வைத்தான்.

"சிலிக்கோன் அடிச்சனீங்களோ?"

"இல்லை."

"என்ன ஊத்தினது?"

"பால். மாமி வந்தவ. பால் காய்ச்சினம்."

"இதுக்குள்ளையோ?"

"ஓம்."

பொயிலரை நிறுத்தினான். தகடு ஆறும்வரை பொறுக்காமல் கையுறை போட்டுக்கொண்டு ஆணிகளைக் கழற்றினான். கம்பளி மஞ்சளாக, கனத்து, பிசுபிசுவென்று வந்தது. ஒரு பிடியை எடுத்து எனக்கு முன்னால் போட்டான்.

"அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நான் சொல்லிப்போட்டுத்தானே போனனான்?"

"ஓம்."

"அவ ஊத்தேக்கை பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"ஊத்தினது நான்."

அவன் கவிழ்த்து வைத்த வாளியில் இருந்தான். "பழுதாப் போகட்டும் எண்டு விட்டனீங்கள். என்ன? வாயைத் திறந்து சொல்லுங்கோ."

யோசித்தேன். அவனுக்குப் பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

"ஓம்" என்றேன்.

"வேற ஆள் எண்டால் அடிச்சிருப்பன்." முகத்தைத் தோளில் துடைத்தான். "செப்புக்கு ஒண்டுமில்லை. எல்லாத்தையும் வெட்டி எடுத்துப்போட்டுப் புதுக் கம்பளி சுத்தலாம். நான் செய்யிறன். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்."

"வேண்டாம், கொட்வின். குறொய்டன்காரருக்குச் சொல்லு."

"ஒரு ஓட்டம் எண்டு சொன்னனீங்கள்."

"இப்ப ஓடினது."

"அது தண்ணி, அத்தான்!"

"தண்ணிதான்."

அவன் என்னை நீண்ட நேரம் பார்த்தான். அவனுடைய கண்கள் பெனிற்றாவின் கண்கள் போல இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு எழுந்து தகடு வெட்டும் கத்தரியை எடுத்தான்.

"என்ன செய்யிறாய்?"

"அக்கான்ரை பானையை நாத்தத்தோடை ஆருக்கும் குடுக்க ஏலாது."

மிச்சக் கம்பளியை உரித்தான். செப்பை வெந்நீரால் கழுவினான். புதுக் கம்பளி வாங்கிவந்து சுற்றி, தகடு பூட்டி, விளிம்பைச் சுற்றிச் சிலிக்கோனை ஒரே கோடாக இழுத்தான். பல மாலைகள் எடுத்தது. என்னோடு கதைக்கவில்லை. கடைசி நாள் மட்டும் ஒன்று சொன்னான்.

"பாலாலைதான் எண்டு அம்மாவிட்டைச் சொல்லாதையுங்கோ."

"சொல்லமாட்டன்."

குறொய்டன்காரர் இரண்டு பேரோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். நல்ல மனிதர். செப்பைத் தட்டிப் பார்த்து, யார் தெரிந்தெடுத்தது என்று கேட்டார். மனைவி என்றேன். அவருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மாமி வந்தார். கொட்வின் வெளியே தன் வான் வண்டிக்குள்ளேயே இருந்தான். மாமி கதவடியில் நின்று வெறும் தரையைப் பார்த்தார். ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"எங்கை பானை?"

"வித்திட்டன், மாமி."

"பாலிலை ஏதும் பிழையோ?"

"இல்லை, மாமி. என்னாலை ஏலாது. அவ்வளவுதான்."

கவிழ்ந்த வாளியைக் காலால் இழுத்து அதில் இருந்தார். செபமாலையை விரலில் சுற்றினார்.

"எனக்கு உந்த ஜின்னிலை ஒரு விருப்பமும் இல்லை, தம்பி. கிறிஸ்தவப் பிள்ளை சாராயம் வடிக்கிறதோ எண்டு அவளோடை சண்டை பிடிச்சனான். ரெண்டு கிழமை கதைக்காமலும் இருந்தனான்." கொஞ்சம் நிறுத்தினார். "பானை ஓடினால் கொட்வின் இஞ்சை வருவான். அவன் வந்தால் நீரும் அவனும் ஒண்டாய் நிப்பீங்கள். இரவுக்கு நீர் எங்கடை வீட்டிலை சாப்பிடுவீர். அப்பிடித்தான் நான் நினைச்சுக்கொண்டு பாலைத் தூக்கிக்கொண்டு வந்தது."

நான் நின்றேன்.

"உமக்கும் வயசு கிடக்கு. பிள்ளையும் இல்லை. இனி எங்கடை வாசலுக்கு நீர் வர என்ன கிடக்கு?"

"வருவன், மாமி."

"ஓம்" என்றார். நம்பிச் சொல்லும் ஓம் அல்ல அது. சின்னப் பிள்ளை ஒன்று எதையோ சொன்னால், அழாமல் இருக்கட்டும் என்பதற்காகப் பெரியவர்கள் சொல்வது.

வெளியே கொட்வின் ஹோர்ன் அடித்தான். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் கோட்டின் கழுத்துப் பட்டியை ஒருமுறை நேராக்கிவிட்டார். வானில் ஏற நான் கை கொடுத்தேன். கொட்வின் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். வான் டயர்க் கடை மூலையில் திரும்பும்வரை நின்றேன். அதற்குப் பிறகும் கொஞ்சம் நின்றேன். அன்றைக்குப் போவதற்கு எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.