கொரிந்து நகரத்து இறைச்சி

இது நடந்தது தொண்ணூற்றாறிலா ஏழிலா என்று அடித்துச் சொல்ல முடியாது. பேசியவர்கள் இதே வார்த்தைகளைத்தான் பேசினார்களா என்பதும் சந்தேகமே. ஆட்களைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை.

அமெரிக்க மேற்குக் கரையிலுள்ள சன்னிவேலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் யாழ்ப்பாணத்து மரியதாசனும் அவன் மனைவி திரேசாவும் இருந்தார்கள். எதிர்க்கதவு ஈரோட்டுப் புஷ்பவல்லியுடையது. திரேசாவுக்குக் குழந்தை பிறந்தபோது பத்தியம் சமைத்துப் போட்டவள் அவள்தான். அந்த ஊரில் அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. வெள்ளிதோறும் முருகனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கல் ஒரு கிண்ணம் இந்த வீட்டுக்கு வந்துவிடும்.

திரேசா புதிதாக ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்தாள். படைத்ததை உண்ணக்கூடாது என்றார் அங்கிருந்த போதகர். அதன்பின் பொங்கல் குப்பைக்குப் போனது. மரியதாசன் பார்த்தான். பேச்சு அவனுக்கு எப்போதும் குறைவு. ரோமப் பேரரசில் முதல் கிறிஸ்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நூலகப் புத்தகங்களை அள்ளி வந்து படித்துக்கொண்டிருந்தான்.

"நிறைய படிக்கிறீங்க பிரதர், ஒரு டென் மினிட்ஸ் பேசுங்களேன்" என்றார் போதகர், திரேசாவோடு கூட்டத்துக்கு வந்தவனிடம்.

பொங்கலை மனத்தில் வைத்துக்கொண்டே பேசினான். கொரிந்து நகரச் சந்தைக்கு வந்த இறைச்சி பல நேரம் கோவிலில் பலியிட்டது. அதைத் தின்னலாமா என்று அங்கிருந்த சிறு கிறிஸ்தவ சபை பிளந்து நின்றது. சிலை வெறும் சிலைதான், தின்றால் பாதகமில்லை என்றுதான் அப்போஸ்தலரின் கடிதத்தில் அவர்களுக்குப் பதில் வந்தது. ஆனால் அதனால் பக்கத்திலிருப்பவனின் மனம் கலங்குமென்றால் தின்ன வேண்டாம் என்றும் அந்தப் பதிலில் இருந்தது. அவன் அதையும் மறைக்கவில்லை.

"கேட்டீங்களா! அடுத்தவங்களுக்காக விட்டுடணும். சூப்பர் பிரதர்!" என்றார் போதகர்.

காரில் திரேசா சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் சாப்பிட்டா என்ர மனம் கலங்கும்."

கலங்கப்போவது ஒரு மனம்தானா என்று ஃப்ரீவே முழுவதும் யோசித்தான்.

வெள்ளிக்கிழமை கிண்ணம் வந்தது. வாசலில் நின்று, "வேண்டாமக்கா" என்றான்.

"ஏன் தம்பி, சுகருங்களா? இந்த வயசுலயா?"

அவளே கொடுத்த காரணம் வசதியாக இருந்தது. தலையாட்டிவிட்டான்.

அடுத்த வெள்ளி அவள் வெண்பொங்கல் கொண்டு வந்தாள். "உங்களுக்குன்னே செஞ்சேனுங்க. இனிப்பே இல்ல. சாமிகிட்டயும் உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்."

திரேசா முன்னால் வந்தாள். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. படைச்சது ஒண்டும் நாங்கள் சாப்பிடுறேல்லை."

புஷ்பவல்லி அவளைப் பார்க்கவில்லை. "அப்ப சுகர் இல்லீங்களா, தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லைல்ல, அது போதும்." கிண்ணத்தோடு திரும்பிப் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அடுத்த ஆண்டு புஷ்பவல்லி அதே மாநிலத்து டப்ளினில் வீடு வாங்கிப் போனாள். போதகர் டெக்சாஸில் பெரிய சபை ஒன்றுக்குத் தலைவரானார். திரேசா அந்தக் கூட்டத்தை விட்டுப் பழைய கத்தோலிக்கக் கோவிலுக்கே திரும்பினாள். இரண்டாயிரத்து ஒன்றில் மரியதாசனுக்கு வேலை போனது. குடும்பம் நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள பிஸ்கட்டவேக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு வீட்டாரும் பிறகு சந்திக்கவில்லை.