அரளிக்கு ஏற்ற நூல்

என் வீட்டுக்காரர் தையல்காரர். கால் முறிந்து போட்டிருந்த கட்டும் பிரித்தாகிவிட்டது. "இனி தாராளமா நடக்கலாம்" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் மனுஷர் வாசலைத் தாண்டவில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்று பயம். வாய் மட்டும் ஊரெல்லாம் சுற்றிவரும். இப்படியே தையல் மெஷினோடு முடங்கிவிடுவாரோ என்று எனக்குக் கவலை.

வெளியே வர ஆசை வரட்டுமே என்றுதான், காலையில் நடக்கப் போகும்போது தெருவில் பூத்த செடிகளை போனில் படம் பிடித்துவர ஆரம்பித்தேன். மதில்மேல் வழியும் காகிதப்பூ, பால்காரர் வீட்டுச் செம்பருத்தி, தெருமுனை அரளி. பாதிப் படங்களில் என் கட்டைவிரலும் இருக்கும்.

"பூவை விட உன் விரல்தான் நல்லா வந்திருக்கு" என்பார்.

எந்த நிறத்தைப் பார்த்தாலும் அதற்கு நூல் தேடுவது அவர் வழக்கம். அரளிப் படத்தைப் பார்த்ததும் டப்பாவைக் கிளறி ஒரு ரோஸ் நூல்கண்டை நீட்டினார்.

"நாளைக்கு இதைப் பூ மேல வச்சுப் பாரு. அப்படியே ஒட்டும்."

வைத்துப் பார்த்தேன். நூல் எது, இதழ் எது என்றே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் புத்தி வேறு பக்கம் போயிற்று.

"ஒட்டலைங்க" என்றேன், வாய் கூசாமல்.

"வெயில்ல வச்சியா, நிழல்லயா?"

"ரெண்டுலயும்தான்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மறுநாள் வேறு நூல் கொடுத்தார். அதுவும் இல்லை என்றேன். அதற்கடுத்ததும் இல்லை.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அப்போ நீங்களே வந்து பாருங்க!" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

ஒரு கையில் தடி, மறு கையில் என் தோள், சட்டைப் பையில் முதல் நூல்கண்டு. படி இறங்கும்போது என் தோளை நசுக்கிவிட்டார். தெருமுனை வரை என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் திட்டு அவ்வளவு இனித்ததில்லை.

அரளியின் முன் நின்று, நூலை இதழ்மேல் வைத்தார். வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதல் நூலே ஒட்டுதே."

அரளி இலையில் இருந்த தூசியைத் தட்டினேன். அவர் நூலைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி என் தோளைப் பிடித்தார்.

"நாளைக்கு அந்தச் செம்பருத்திக்கு ஒரு சிவப்பு எடுத்து வைக்கிறேன். அதுவும் ஒட்டாதுல்ல?"

"ஒட்டவே ஒட்டாதுங்க" என்றேன்.